பைய

விமான விபத்து விசாரணைக்கு ஒரு தமிழ் வாத்தியாரை எதற்காகக் கூப்பிட வேண்டும் என்று என் மனைவி கோமதி கேட்டாள். நியாயமான கேள்விதான். எனக்குள்ளும் அதே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மனைவிக்கு முன்னால் அதைக் காட்டிக்கொள்ள முடியுமா?

"மொழி இல்லாம எது நடக்கு?" என்றேன் கம்பீரமாக.

"விமானம் நடக்கல்ல, பறக்கு," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என் பெயர் ஆறுமுகநயினார். திருநெல்வேலிக்காரன். கல்லூரியில் பாடம் நடத்திய நேரம் போக, முப்பது வருடம் ஊர் ஊராக அலைந்து வட்டாரச் சொற்களைச் சேகரித்தவன். நாற்பத்தோராயிரம் சொற்கள், நாற்பத்தோராயிரம் சீட்டுகள். சீட்டுக்கு ஒரு சொல், பொருள், எடுத்துக்காட்டு, சொன்னவர் பெயர். எல்லாம் பதினான்கு தகரப் பெட்டிகளில் சென்னை வீட்டின் ஓர் அறையை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. ஒவ்வொரு போகிக்கும் கோமதி அந்த அறை வாசலில் நின்று பெட்டிகளை ஒரு பார்வை பார்ப்பாள். நான் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். இந்தப் போகிக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஊரே பழைய பாயையும் டயரையும் கொளுத்தி, ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடுகூடத் தெரியாத புகை. அதே புகைக்குள், அதே நேரத்தில்தான் அந்த விமானம் இறங்கிக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து விசாரணைக் குழுவின் தலைவர் கோதண்டபாணி என்னை வரவழைத்தார். விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் செங்கல்பட்டுப் பக்கம். மீசை மட்டும் இன்னும் பணியில் இருப்பதுபோல விறைப்பாக நின்றது.

"சார், உயிர் போற நேரத்துல மனுஷன் வாய்ல எந்த பாஷை வரும்?" என்று கேட்டார்.

"தாய்மொழிதான். இதுல என்ன சந்தேகம்?"

"அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சுது. முன்னெல்லாம் விமானத்துல ரெண்டு பைலட். இப்ப ஒரு மனுஷன், ஒரு குரல். அந்தக் குரலுக்குத் துணைன்னு பேரு. அது மெஷின்தான், ஆனா எல்லாம் பாக்கும், எல்லாம் கேக்கும். பைலட்டுங்க பயிற்சி முழுக்க இங்கிலீஷ்ல. ஆனா ஆபத்துல அவங்க கத்தறது அவங்கவங்க பாஷையில. அதனால துணைக்கு எல்லா பாஷையும் கத்துக்கொடுத்தாங்க. தமிழ் உட்பட."

"எந்தத் தமிழ்?"

அவர் சிரித்தார். "அந்தக் கேள்வியை நீங்க ஒருத்தர்தான் அப்ப கேட்டீங்களாமே. அதனாலதான் உங்க சொற்பட்டியலை வாங்கி அதுக்குப் புகட்டினாங்க."

உண்மைதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் துணையை வடிவமைத்த நிறுவனத்தார் வீட்டுக்கு வந்து ஒரு மைக்கை வைத்துவிட்டுப் போனார்கள். சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நானே வாசித்தேன். எட்டு மாதம் பிடித்தது. இப்போது இந்த நாட்டில் பறக்கும் துணைக் குரல்கள் எல்லாவற்றுக்கும் நெல்லைத் தமிழ் தெரியும் என்றால், அது என் தொண்டையில் இருந்து போனது. இதை நான் சந்திப்பவர்களிடம் எல்லாம் சொல்வதுண்டு. கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

கோதண்டபாணி நடந்ததைச் சொன்னார். கொற்கை ஏர் விமானம், தூத்துக்குடியில் இருந்து சென்னைக்கு. எழுபத்தொரு பயணிகள். கேப்டன் ஜெனோவா ஃபெர்னாண்டோ. பதினோராயிரம் மணி நேரம் பறந்தவர். இறங்கும்வரை எல்லாம் ஒழுங்கு. தரைக்கு மிக அருகில் வந்தபோது காற்று திரும்பி, போகிப் புகை மொத்தமாக ஓடுதளத்தை மூடிவிட்டது. விமானம் தொட வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் தரையைத் தொட்டது. கேப்டனுக்கு ஓடுதளத்தின் முடிவு தெரியவில்லை.

"அப்ப துணைக்கு?"

"துணைக்குப் புகை ஒரு பொருட்டே இல்ல. அது ரேடார்ல பாக்கும். ஆனா தரைக்குப் பக்கத்துல வந்ததும் அது வாயத் திறக்கக் கூடாது, சார். கேப்டனோட கவனம் சிதறும்னு விதி. அவர் சொன்னதைச் செய்யணும், அவ்வளவுதான். இதைக் கேளுங்க."

ஒரு பொத்தானை அழுத்தினார். இரைச்சல். சக்கரம் தரையில் மோதும் சத்தம். அதற்குமேல் ஒரு பெண் குரல், பதற்றத்தில் இழுத்து: "பைய... பைய..." உடனே வெடிபோல ஓர் ஓசை, பயணிகளின் அலறல், அப்புறம் அமைதி.

"விமானத்தோட வயித்துல ஒரு தடுப்புப் பை இருக்கு," என்றார் அவர். "வேற வழியே இல்லைன்னா அதை விரிக்கலாம். கண்ணிமைக்கிறதுக்குள்ள ஊதிப் பெருத்துத் தரையில தேச்சு விமானத்தை நிறுத்திடும். ஆனா முன்சக்கரம் போச்சு, மூக்கு போச்சு. அதை விரிக்க கேப்டன் ரெண்டு தடவை 'பை, பை'ன்னு சொல்லணும். துணை விரிச்சிடுச்சு. விமானம் சறுக்கிப் புல்தரையில சேத்துல போய் நின்னுது. மேல் அடுக்குல இருந்து பனங்கிழங்குக் கட்டு விழுந்து ஒருத்தருக்குக் காறை எலும்பு முறிஞ்சுது. ரெண்டு பேருக்குக் கால் சுளுக்கு. வேற ஒண்ணும் இல்ல. பொங்கலைக் கொண்டாட எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துட்டாங்க."

"பிறகென்ன?"

"கேப்டன் என்ன சொன்னாங்க, சார்? அதுக்குத்தான் நீங்க."

இதற்கா என்னைக் கூப்பிட்டார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "பைய என்றால் மெல்ல என்று அர்த்தம். எங்கள் பக்கம் பச்சைப் பிள்ளைகூடச் சொல்லும். பிரேக்கை மெல்லப் பிடி என்று துணைக்குச் சொல்லியிருக்கிறார்."

"கேப்டனும் அதையேதான் சொல்றாங்க. துணையைக் கேட்டோம், ஏன் பையை விரிச்சேன்னு. அது ஒரே வரியில பதில் சொல்லுது. 'பை என்று கேட்டது.' அதுக்குமேல ஒரு வார்த்தை இல்ல."

"காதில் தப்பாக விழுந்திருக்கும்."

"விழுந்திருந்தா நல்லது, சார்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இல்லைன்னா என்ன ஆகும் தெரியுமா? புரிஞ்சும் அது கேப்டன் பேச்சைக் கேக்கலைன்னா, அதுக்குப் பேரு மீறல். ஒரு தடவை துணையால மீறப்பட்ட பைலட் அப்புறம் பறக்கவே முடியாது. மெஷினே நம்பாத ஆளை ஜனங்க எப்படி நம்புவாங்கன்னு ஒரு விதி. இதுவரைக்கும் பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்பியாச்சு. அதுல ரெண்டு பேர் என் சிநேகிதங்க. அவங்க செஞ்சது தப்பா சரியான்னு யாரும் விசாரிக்கக்கூட இல்ல." மேசை மேல் இருந்த கோப்பை என் பக்கம் தள்ளினார். "நிறுவனத்துக்காரங்க சொல்றாங்க, துணைக்குள்ள எந்தச் சொல் எங்க இருக்குன்னு தனியாப் பிரிச்சு எடுக்க முடியாதாம். சாம்பார்ல கரைஞ்ச புளி மாதிரி. அதுக்குப் பைய தெரியுமா தெரியாதான்னு சொல்ல ஒரே ஆதாரம் உங்க சீட்டுங்கதான். பாத்துச் சொல்லுங்க. அந்த வார்த்தை இருக்கா?"

"கட்டாயம் இருக்கும். நான் எதையும் விட்டவன் இல்லை," என்றேன். அந்த நொடியில் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. கூடவே, அந்த அம்மாள் சாதாரணமாக எப்படிப் பேசுவார் என்று தெரிய வேண்டும், பழைய ஒலிப்பதிவுகள் சிலவற்றை அனுப்புங்கள் என்றும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் ஒன்பதாவது பெட்டியைத் திறந்தேன். தூசி. இரண்டு கரப்பான். பகர வரிசையில் கட்டுக்கட்டாகத் தள்ளிக்கொண்டே போனால், அது இருந்தது. என் இளவயதுக் கையெழுத்து.

பைய: மெல்ல. 'பைய எறங்கு. ஊரு எங்கனயும் ஓடிப் போவாது.' சொன்னவர்: என் தாயார் சிவகாமி.

பேருந்து நிற்கும் முன்னே குதிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அம்மா ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்வாள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் நினைப்பில் கொஞ்சம், என் பட்டியலில் ஓட்டை இல்லை என்ற கர்வத்தில் கொஞ்சம். துணைக்கு அந்தச் சொல் தெரிந்தே இருக்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

மறுநாள் காலையில் ஒலிப்பதிவுகளைக் கேட்டபோதுதான் உறைத்தது. கட்டளை என்றால் ஜெனோவா ஒழுங்கான தமிழில் சொல்கிறார். 'மெதுவாக', 'வேகத்தைக் குறை' என்று பாடப்புத்தகம் மாதிரி. பைய என்ற சொல் ஓர் இடத்தில்கூட வரவில்லை. ஆனால் தரையில் காத்திருக்கும் நேரங்களில் ஊர்ப்பேச்சு பொங்கி வழிகிறது. துணையை அவர் 'ஏட்டி' என்று கூப்பிடுகிறார். அது அவரை 'அக்கா' என்கிறது. எங்கள் பக்கத்தில் தோழிகள் பேசிக்கொள்வது மாதிரியே இருந்தது.

மூன்றாவது பதிவு தூத்துக்குடியில், புறப்பட அனுமதிக்காக நிற்கும்போது எடுத்தது.

"ஏட்டி, நேத்து எங்க வீட்ல ஒரு கூத்து. மாமியாரு மீன் கொழம்புல மாங்கா போடாதன்னாவ. மாங்கா இல்லாம அது என்ன கொழம்பு? நான் போட்டுட்டேன். வாய்ல வச்சிட்டு, 'போடாதன்னு சொன்னம்லா'ங்காவ. 'போடுன்னுதான் அத்த கேட்டுச்சு, மிக்சி ஓடுச்சுல்லா'ன்னுட்டேன்."

"உங்களுக்கு நிஜமாவே அப்படிக் கேட்டதா, அக்கா?"

"கேக்கல்ல."

"அப்போ அது பொய்."

"பொய் இல்லட்டி. மரியாத. பெரியவங்க தப்பாச் சொன்னா மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லப்பிடாது. காதுல விழாத மாதிரி இருந்துட்டு, சரியானதச் செஞ்சிரணும். அவியளும் கொழம்ப ரெண்டு தடவ ஊத்திச் சாப்பிட்டாவ, கேட்டியா?"

"புரிந்தது, அக்கா," என்றது துணை.

நான் பதிவை நிறுத்தினேன். பை என்று கேட்டது. போடு என்றுதான் கேட்டது. அடடா, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

வாய் திறக்கக் கூடாத இடம். கீழ்ப்படிய வேண்டிய விதி. கண் முன்னே ஓடுதளம் முடிந்துகொண்டிருக்கிறது. மீறினால் அக்காவின் வேலை போய்விடும். மீறாவிட்டால் வேலியை உடைத்துக்கொண்டு விமானம் சாலைக்குப் போய்விடும். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தது என்றும், பொங்கலுக்கு ஊர் போக முப்பத்துநான்கு பேர் அங்கே மூட்டை முடிச்சுகளோடு நின்றார்கள் என்றும் கோதண்டபாணி சொல்லியிருந்தார். புகையில் அவர்களுக்கு விமானம் வந்ததே தெரியாது. அந்த அரை நொடியில் கேப்டன் வாயில் இருந்து, காதில் தப்பாக விழுவதற்கென்றே செய்துவைத்த மாதிரி ஒரு சொல் வந்தது. துணை மீறவில்லை. எங்கள் வீட்டு மருமகள்கள் செய்வதைச் செய்துவிட்டது.

இப்போது என் பிழைப்பு சிக்கலாகிவிட்டது. சீட்டை நீட்டினால் என் பட்டியல் நிற்கும், கேப்டன் விழுவார். மறைத்தால் கேப்டன் நிற்பார், நான் விழுவேன். திருநெல்வேலியில் பிறந்து, அந்த ஊர்ப்பேச்சுக்கே வாழ்நாளைக் கொடுத்தவன், 'பைய' என்ற சொல்லை மறந்துவிட்டான் என்று உலகம் சொல்லும். சமையற்காரன் உப்பை மறந்த கதை. மற்றவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். எனக்கு இரண்டு இரவு தூக்கம் இல்லை. பொய் சொல்வதா என்ற கவலையைவிடச் சொன்னால் மானம் போகுமே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விசாரணை நாள் அன்று சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். என்ன சொல்வது என்று முடிவு செய்யாமலேதான் போனேன். தாழ்வாரத்துப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடியில் ஒரு டப்பா.

"அண்ணாச்சி, நீங்கதான அந்த வாத்தியாரு? நான் ஜெனோவா. சாப்டியளா? ஊர்லருந்து மக்ரூன் வந்துச்சு, எடுத்துக்கோங்க."

தன் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கிற நாளில் அடுத்தவன் சாப்பிட்டானா என்று கேட்கிற ஊர் எங்கள் ஊர். ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. நெசமாவே அது தப்பாத்தான் கேட்டுச்சா?"

"ஏம்மா கேக்கிய?"

"மூணு வருசமா எங்கூடப் பறக்கு. நான் தும்முனாலே ஜலதோசமா, வெறும் தூசியான்னு கண்டுபிடிச்சிரும். அதுக்குப் போயி காது கேக்கலன்னா நம்ப முடியல." அவர் டப்பாவை மூடினார். "அது தெரிஞ்சே செஞ்சிருந்தா, நான் தப்பாச் சொல்லியிருக்கேன்னுதான அர்த்தம்? அப்ப நானே எறங்கிருதேன். என்னால ஆளுக சாவக் கூடாது. பறக்காம இருக்கது எனக்குச் செத்த மாதிரிதான். இருந்தாலும் எறங்கிருவேன்."

"பொகையில ஓடுதளம் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு நெனச்சிய?"

"தொள்ளாயிரம் மீட்டர். இருந்ததோ நானூறு. பனி பெஞ்சு ஈரத் தரை. ஓங்கி அமுக்குனா சறுக்கிரும். அதான் பைய, பையன்னேன்."

"தொள்ளாயிரம் இருந்திருந்தா?"

அவர் யோசிக்கவே இல்லை. "பையதான் சரி."

அந்த ஒரு பதிலில் என் இரண்டு இரவுக் குழப்பம் தீர்ந்தது. கண்ணைக் கட்டிவிட்ட நிலையிலும் சரியான காரியத்தைத்தான் சொல்லியிருக்கிறார். புகையிலும் கண் தெரிந்த துணையை வாயைப் பொத்தி உட்காரவைத்தது விதி. தண்டனை மட்டும் இவருக்கா?

உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் கோதண்டபாணியும் இன்னும் நாலு பேரும். சொல்லின் பொருளைக் கேட்டார்கள், சொன்னேன். 'பைய' என்பது 'பை' என்று காதில் விழ வாய்ப்பு உண்டா என்றார்கள். உண்டு என்றேன். பதற்றத்தில் கடைசி எழுத்து கரைந்துபோவது எங்கள் பேச்சில் சாதாரணம் என்று பத்து நிமிடம் விளக்கினேன். அத்தனையும் உண்மை.

"கடைசிக் கேள்வி, சார்," என்றார் கோதண்டபாணி. "இந்தச் சொல் உங்க சீட்டுகள்ல இருக்கா?"

சட்டைப்பைக்குள் அம்மாவின் பெயர் எழுதிய சீட்டு நெஞ்சில் உரசிக்கொண்டிருந்தது. நாற்பத்தோராயிரம் சொற்களும் எழுந்து நின்று என்னைப் பார்ப்பதுபோல இருந்தது.

"விட்டுப்போச்சு," என்றேன்.

அறையில் யாரோ அடக்கிச் சிரித்தார்கள். கோதண்டபாணி சிரிக்கவில்லை. "உங்க ஊர் வார்த்தைதானே?"

"ஆமாம். விட்டுப்போச்சு. ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்." என் குரல் நான் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. "கேப்டன் பக்கத்தில் இருப்பவள் வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய் கொடுங்கள். அப்படிச் சொன்னாள் என்பதற்காகக் கேப்டனைத் தண்டிக்காதீர்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாத வீட்டில்தான் எல்லோருக்கும் காது மந்தமாகப் போகிறது."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இது எந்த இலக்கணத்துல வருது, சார்?"

"குடும்ப இலக்கணத்தில்."

"எழுதிக்கங்க," என்றார் அவர், பக்கத்தில் இருந்தவரிடம்.

வெளியே வந்ததும் ஜெனோவா எழுந்து நின்றார். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் அவர் காதிலும் விழுந்திருந்தது. "நெசமாவே விட்டுப்போச்சா, அண்ணாச்சி?"

"நாப்பத்தோராயிரம் சொல்லும்மா. ஒண்ணு விட்டுப்போவாதா?" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். நான் இன்னொரு மக்ரூன் கிடைக்குமா என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் தீர்ப்பு வந்தது. துணை தவறாகக் கேட்டது, மீறவில்லை. காரணம், சொற்பட்டியலில் இருந்த விடுபாடு. கேப்டன் புகைக்குள் இறங்கும் பயிற்சியை ஆறு வாரம் எடுத்துவிட்டுத் திரும்பப் பறக்கலாம். அவர் தானாகக் கேட்டுப் பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. கடைசிப் பக்கத்தில்தான் பெரிய விஷயம் இருந்தது. இனிமேல் ஆபத்து என்று கண்டால் துணை எந்த உயரத்திலும் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லலாம். மீறல் நடந்தாலும் விசாரிக்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முன்பு அனுப்பப்பட்ட பதினோரு பேரையும் திரும்ப அழைத்து விசாரிக்க வேண்டும்.

என்னைப் பற்றியும் வந்தது. 'சொந்த ஊர்ச் சொல்லை மறந்த பேராசிரியர்' என்று ஒரு பத்திரிகை பெட்டிச் செய்தி போட்டது. பழைய மாணவர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் போன் செய்தார்கள். இருபது வருடமாக எனக்கு ஆகாத ஓர் அறிஞர், அதே பாணியில் இரண்டு பக்கக் கட்டுரை எழுதிச் சந்தோஷப்பட்டார். அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அந்த வகையிலும் ஒரு நல்ல காரியம்தான்.

கோமதிக்குத்தான் ஆறவில்லை. "ஒங்க அம்ம வாயத் தொறந்தா பையதான். அதையா விட்டிய? அப்படி என்னத்தத்தான் முப்பது வருசமா எழுதுனிய?"

மனசுக்கு ஒரு சமாதானம் மட்டும் வைத்திருந்தேன். சீட்டு இருந்தது உண்மை. ஆனால் அதை மைக்கில் வாசித்தேனா? எட்டு மாதத்தில் எத்தனையோ நாள் பாதித் தூக்கத்தில் வாசித்திருக்கிறேன். இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு ஒன்று தாண்டிப் போயிருக்கலாம். அப்படியானால் துணைக்கு அந்தச் சொல் தெரியவே தெரியாது. நான் சொன்னதும் பொய்யில்லை. இப்படி நினைத்து நினைத்து, நானே அதைப் பாதி நம்பவும் தொடங்கியிருந்தேன்.

ஆவணியில் கோமதியின் அண்ணன் மகள் கல்யாணம். தூத்துக்குடிக்கு விமானத்தில் போனோம். ஏறும்போது வாசலில் ஜெனோவா நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார். "அவியளுக்கு உங்கள எப்பிடித் தெரியும்?" என்றாள் கோமதி. "பழக்கம்," என்றேன்.

தூத்துக்குடியில் லேசான தூறல். விமானம் பூப்போல இறங்கியது. இறங்கும்போது விமானி அறைக்குள் இருந்து இரண்டு பெண் குரல்கள் பேசிக்கொள்வது மெலிதாகக் கேட்டது. ஒன்று ஏதோ வேண்டாம் என்றது. மற்றது சரிட்டி, சரிட்டி என்றது. எனக்கு மனசு நிறைந்து போயிற்று.

விமானம் நிற்கும் முன்னே எழுந்து பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். அந்தப் பழக்கம் இந்த வயதிலும் போகவில்லை. கதவு திறந்தது. ஈரமான படியில் முதல் காலை வைத்தேன். தலைக்கு மேலே இருந்த சின்ன ஒலிபெருக்கி, எனக்கு மட்டும் கேட்கிற அளவில், துணையின் குரலில் பேசியது.

"பைய எறங்கு. ஊரு எங்கனயும் ஓடிப் போவாது."

கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன். அந்த வாக்கியம் என் அம்மாவிடம் இருந்தது, என் சீட்டில் இருந்தது. வேறு எங்கும் இல்லை. மைக் முன்னால் அன்றைக்கு நான் தூங்கவில்லை. வாசித்திருக்கிறேன். அதுவும் கேட்டிருக்கிறது. எல்லாவற்றையும் சரியாகவே கேட்டிருக்கிறது.

பின்னால் வந்த கோமதி படியிலேயே நின்றுவிட்டாள். எனக்கு மட்டும் என்று நினைத்தது தப்பு. அவளுக்குப் பாம்புக் காது.

"ஏங்க, இது அத்த சொல்லுத வார்த்தைல்லா? அப்படியே அத்த சொன்ன மாதிரி இருக்கு! நீங்க விட்டுப்போச்சுன்னு சொன்ன சொல்லுல்லா அது? இதுக்கு எப்படித் தெரியும்?"

திரும்பிப் பார்த்தேன். விமானி அறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஜெனோவா தலையைக் குனிந்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன கோமதி?" என்றேன். "காத்து சத்தத்துல ஒண்ணும் கேக்கல."